கத்திரி பட்ட காகிதப் பொம்மைகள்

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா மகள் ஒரு பழுப்புக் கவரைக் கையில் கொடுத்தாள். நியூ ஜெர்சியில் ஏதோ பழைய சாமான் சந்தையில் மூன்று டாலருக்கு வாங்கினதாம். "பழைய பேப்பர்னா உங்களுக்குத்தான் பைத்தியமாச்சே சித்தி, வச்சுக்கோங்க" என்றாள். திறந்து பார்த்தால் காகிதப் பொம்மைகள். கெட்டி அட்டையில் அச்சடித்த இரண்டு பெண் உருவங்கள், உள்ளாடை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கின்றன. கூடவே வெட்டி எடுத்த 23 உடுப்புகள். ஒவ்வொரு உடுப்பின் தோளிலும் இடுப்பிலும் சின்னச் சின்ன வெள்ளைக் காதுகள். அந்தக் காதைப் பொம்மையின் பின்பக்கம் மடித்தால் உடுப்பு நின்றுகொள்ளும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஒரு பொம்மைக்குக் கழுத்து ஒடிந்து, யாரோ ஒட்டுநாடா போட்டிருந்தார்கள். அது மஞ்சளாகிக் கெட்டியாகியிருந்தது.

இருபத்துநான்காவதாக ஒன்றும் இருந்தது. அச்சடித்த உடுப்பு இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் கிரேயானால் வரைந்து, கோணல்மாணலாக வெட்டிய ஒரு பச்சை கவுன். அதை இரண்டு பொம்மைக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்குமே சேரவில்லை.

அந்த கவுன்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. ஆறேழு மாதமாகப் படித்ததில் கொஞ்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

காகிதத்தில் மனித உருவம் செய்வது பல நாடுகளில் பழைய பழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிசில் 'பான்டின்' என்று ஒரு மோகம் இருந்தது. நூலை இழுத்தால் கை காலை உதறும் அட்டை உருவம். குழந்தைகள் இல்லை, பிரபுக்களும் சீமாட்டிகளும் கையில் வைத்து ஆட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் உடுப்பு மாற்றுகிற பொம்மை வேறு சங்கதி. 1791-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் வந்துகொண்டிருந்த ஒரு ஃபேஷன் பத்திரிகை, இங்கிலாந்தில் புதிதாக வந்திருக்கும் விளையாட்டுச் சாமான் என்று இதைப் பற்றி எழுதியது. எட்டு அங்குல உயரக் காகிதப் பெண், மாற்றிப் போட ஆறு ஜோடி உடுப்பு. பெரியவர்களுக்கும் பிடிக்கும் என்கிற தொனியில்தான் அந்தக் குறிப்பு.

1810-ல் லண்டனில் எஸ். அண்ட் ஜே. ஃபுல்லர் என்ற கடைக்காரர்கள் 'லிட்டில் ஃபேனி' என்ற சிறு நூலை வெளியிட்டார்கள். அவர்கள் கடைக்குப் பெயர் 'டெம்பிள் ஆஃப் ஃபேன்சி'. செய்யுளில் ஒரு கதை, கூடவே கையால் வண்ணம் தீட்டிய ஏழு உடல்கள், ஆனால் தலை ஒன்றே ஒன்று. கதை நகர நகர அந்தத் தலையைக் கழற்றி அடுத்த உடலில் செருக வேண்டும். ஃபேனி பணக்கார வீட்டுப் பிள்ளை. சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே போகிறாள், நல்ல உடுப்பைப் பறிகொடுக்கிறாள், பிச்சை எடுக்கிறாள், மீன் விற்கிறாள், படிப்படியாகத் திருந்தி, கடைசியில் அடக்கமான உடையில், கையில் புத்தகத்தோடு வீடு திரும்புகிறாள். பட்டுக்கு ஆசைப்படாதே என்று பாடம் சொல்லும் புத்தகம் ஐந்திலிருந்து எட்டு ஷில்லிங் வரை விற்றது என்பதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மீன் விற்கிற வீட்டுக் குழந்தை யாரும் அதைத் தொட்டிருக்க முடியாது.

இன்று கிடைக்கும் ஃபேனிகளில் அந்த ஒற்றைத் தலை தொலைந்துபோனவை உண்டு. விளையாடினால் முதலில் தொலைவது அதுதானே! தலை பத்திரமாக இருக்கிற பிரதிக்கு விலை ஏறும். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த உலகம் முழுக்க இப்படித்தான் தலைகீழாக ஓடுகிறது.

அமெரிக்காவுக்குப் போன பிறகு பொம்மை மலிவானது. நியூ யார்க்கின் மெக்லாக்லின் பிரதர்ஸ் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டில் தாள் தாளாக அச்சடித்துத் தள்ளியது. 1859 நவம்பரில் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற மாத இதழ் தன் பக்கத்திலேயே காகிதப் பொம்மையை அச்சிட்டது. உடுப்புகள் கறுப்பு வெள்ளை, வண்ணம் தீட்டுவது பிள்ளைகள் வேலை. பத்திரிகையில் வந்ததும் விளையாட்டின் கணக்கு மாறிவிட்டது. அம்மா வாங்கும் பத்திரிகையோடு பொம்மை இலவசமாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 1908-லிருந்து 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் லெட்டி லேன் என்ற சிறுமி வந்தாள். அவளுக்கு அப்பா, அம்மா, பாட்டி, தோழிகள், வேலையாட்கள் என்று மாதாமாதம் ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. 1951 மே மாதம் 'மெக்கால்ஸ்' இதழில் பெட்சி மெக்கால் வந்தாள். அவளுக்காகவே பத்திரிகை எப்போது வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இன்று எழுபதுகளில் இருக்கிறார்கள். பழைய பெட்சிகளைத் தேடி அலைகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

சேகரிப்பவர்கள் பொற்காலம் என்று சொல்வது 1930 முதல் 1950-கள் வரை. இதில் ஒரு வேடிக்கை: அது தொடங்கியதே பெரும் பொருளாதார வீழ்ச்சியில்தான். பீங்கான் பொம்மை வாங்க வழியில்லாத வீட்டில், பத்து சென்ட்டுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. அட்டையில் பொம்மை, உள்பக்கங்களில் உடுப்புகள். ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் சால்ஃபீல்ட், விஸ்கான்சினில் விட்மன், சிகாகோவில் மெரில் என்று போட்டி போட்டு அடித்தார்கள். 1934-ல் சால்ஃபீல்ட், குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிளின் பொம்மைப் புத்தகத்தை முறைப்படி உரிமை வாங்கி வெளியிட்டது. 1940-ல் மெரில், 'கான் வித் த விண்ட்' படத்துக்குப் போட்டது. அந்தப் பத்து சென்ட்டும் இல்லாத வீடுகளில் சியர்ஸ் கடையின் தபால் விற்பனைப் புத்தகத்திலிருந்து ஆட்களை வெட்டிக்கொண்டார்கள். மேஜை நாற்காலிப் பக்கத்தை வெட்டினால் வீடும் தயார்.

(எனக்கும் இதில் அனுபவம் உண்டு. ஏழெட்டு வயதில் தீபாவளி மலரில் வந்த ஜவுளிக்கடை விளம்பரத்துப் பெண்ணைச் சுற்றி வெட்டி எடுத்தேன். அது வாடகை நூலகத்துப் புத்தகம். பின்பக்கம் ஒரு தொடர்கதையின் கடைசிப் பக்கம் இருந்ததாம். அப்பா நூலகத்துக்காரருக்கு முழு விலையும் கட்டிவிட்டு வந்தார். அந்தக் கதை எப்படி முடிந்தது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.)

இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் 1911-ல் பிறந்தவர்கள். இரண்டு பேரும் காமிக்ஸ் வரைந்தவர்கள்.

முதலாமவர் பில் வோகன். 1945-ல் இவர் உருவாக்கிய கேட்டி கீன் என்ற நாயகி சினிமா நட்சத்திரம், அழகி, கதையைவிட அவள் உடுப்பு மாற்றுவதுதான் அதிகம். வோகன் ஒரு காரியம் செய்தார். கேட்டிக்கு உடுப்பு வரைந்து அனுப்புங்கள் என்று வாசகர்களைக் கேட்டார். அனுப்பினார்கள். பென்சிலில், கிரேயானில், நோட்டுத் தாளில், ஆயிரக்கணக்கில். கவுன் மட்டுமா? தொப்பி, செருப்பு, கார், வீடு, ராக்கெட்வரை வரைந்து அனுப்பினார்கள். தேர்ந்தெடுத்ததை வோகன் திருத்தி வரைந்து, பக்கத்திலேயே அனுப்பிய பிள்ளையின் பெயரையும் ஊரையும் அச்சிட்டார். ஏதோ ஒரு மூலைக் கிராமத்துப் பத்து வயதுப் பெண்ணின் பெயர் நாடு முழுக்கக் கடைகளில் தொங்கும் புத்தகத்தில் வருகிறது! பெண்கள் மட்டும் அனுப்பினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பையன்களும் அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் சான்டா பார்பரா பக்கம் வோகனிடம் உதவியாளராக வேலை பழகிய ஒரு கறுப்பின இளைஞர் ஃப்ளாய்ட் நார்மன். 1956-ல் டிஸ்னியில் சேர்ந்து, பிற்பாடு அனிமேஷன் உலகத்தில் பெரிய பெயர் எடுத்தார்.

1961-ல் கேட்டி நின்றுபோனாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் 1979-ல் ஒரு ரசிகர் கேட்டிக்காகவே தனி இதழ் தொடங்கியபோது, சின்ன வயதில் உடுப்பு அனுப்பியவர்கள் நடுவயதில் திரும்ப வந்து சேர்ந்தார்கள். அந்தச் சத்தம் பதிப்பாளர் காதில் விழுந்து, 1980-களில் கேட்டி மறுபடி அச்சில் வந்தாள். காகிதப் பொம்மை விஷயத்தில் சமூகம் என்ற சொல்லுக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான உதாரணம் இதுதான். சேகரிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் அந்தப் பொம்மையைச் சேர்ந்து செய்தவர்கள்.

இரண்டாமவர் ஜாக்கி ஓர்ம்ஸ். பென்சில்வேனியாவில் பிறந்தவர், பிற்பாடு சிகாகோக்காரர். அமெரிக்காவில் கறுப்பினப் பெண் ஒருவர் காமிக் தொடர் வரைந்து பத்திரிகையில் வெளியிட்டார் என்றால் அதில் முதல் பெயர் இவருடையது. 1937-ல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின மக்களின் வாராந்தரியில் டார்ச்சி பிரவுன் என்ற பாத்திரத்தைத் தொடங்கினார். 1950-லிருந்து 1954 வரை அதே டார்ச்சி வண்ணத்தில் திரும்பி வந்தபோது, தொடரின் பக்கத்திலேயே ஒரு காகிதப் பொம்மையும் வந்தது. அதற்கு 'டார்ச்சி டாக்ஸ்' என்று பெயர்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் அதுவரை கறுப்பினக் காகிதப் பொம்மைகள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். 1890-களின் நடுவில் அன்ட் ஜெமைமா தோசை மாவு டப்பாவோடு ஒரு பொம்மைக் குடும்பம் கொடுத்தார்கள். வெறுங்கால், ஒட்டுப்போட்ட துணி. மேலே போட நல்ல உடுப்பும் உண்டு. ஆனால் அது எப்போது கிடைக்கிறது என்றால், அந்த அம்மாள் தன் சமையல் குறிப்பைக் கம்பெனிக்கு விற்ற பிறகுதான்! மற்ற புத்தகங்களில் கறுப்பினப் பெண் என்றால் வேலைக்காரி, ஆயா. வெள்ளைக்காரக் குழந்தையின் பொம்மை வீட்டில் அடுப்படியில் நிற்க ஒரு ஆள். ஒரு கறுப்பினச் சிறுமி தன்னைப் போன்ற ஒரு பெண்ணுக்கு மாலை விருந்துக்கான கவுன் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் கடையில் அதற்குப் பொம்மை அபூர்வம்.

ஓர்ம்ஸ் அதை வாராவாரம் அச்சிட்டுக் கொடுத்தார். டார்ச்சி உயரமாக, நிமிர்ந்து, தன்னம்பிக்கையோடு நிற்கிறாள். அவளுக்குக் கோட், தொப்பி, விருந்து உடை. தொடர்கதையில் அதே டார்ச்சி நிறவெறியையும், தொழிற்சாலைக் கழிவு ஒரு ஊரை நோயாளியாக்குவதையும் எதிர்த்து நிற்கிறாள். ஓர்ம்ஸ் மேல் எஃப்.பி.ஐ. வைத்திருந்த கோப்பு 287 பக்கம். பொம்மைக்குக் கவுன் வரைகிற அம்மாவுக்கு 287 பக்கம்!

கை மூட்டு நோயால் வரைவதை விட்ட பிறகு ஓர்ம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பொம்மை சேகரித்தார். சிகாகோவில் ஒரு பொம்மைச் சங்கத்தில் சேர்ந்து கூட்டங்களுக்குப் போனார். வாழ்நாள் முழுக்கப் பொம்மை வரைந்தவர் கடைசிக் காலத்தில் மேஜையின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். 1985-ல் காலமானார்.

இப்போது அவருடைய டார்ச்சி டாக்ஸ் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். எளிதில் கிடைக்காது. நாளிதழ்க் காகிதம் சீக்கிரம் பொடியும். நூலகங்கள் பழைய செய்தித்தாள்களைப் படச்சுருளில் பதிந்தபோது கறுப்பு வெள்ளையில்தான் பதிந்தன, வண்ணம் போயிற்று. இதற்கெல்லாம் மேலே இன்னொரு காரணம் உண்டு. இது வெட்டுவதற்கென்றே அச்சடித்த பக்கம். எந்த வீட்டில் அதை ஆசையாக வரவேற்றார்களோ அந்த வீட்டுப் பிரதியில் அந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். யாரும் கண்டுகொள்ளாத பிரதிதான் முழுசாகத் தப்பும்.

இங்கேதான் எனக்கும் சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வழக்கு. அவர்கள் பேச்சில் முதல் கேள்வியே 'வெட்டியதா, வெட்டாததா?' என்பதுதான். வெட்டாத புத்தகத்துக்கு மதிப்பு பல மடங்கு. வெட்டியதில் எல்லாக் காதும் இருக்கிறதா, ஒட்டுநாடா உண்டா, பின்னால் பேனாவில் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து விலையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். விலைப் பட்டியல் அப்படி இருப்பதில் தவறில்லை, சந்தை என்றால் அப்படித்தான். ஆனால் வெட்டாத புத்தகம் எனக்குச் சொல்வதெல்லாம் அச்சகம் என்ன விற்றது என்பதை மட்டுமே. குழந்தை என்ன செய்தாள் என்பது வெட்டியதில்தான் இருக்கிறது. எந்த உடுப்பின் காது அதிகம் மடிந்து கிழிந்திருக்கிறதோ அதுதான் அவளுக்குப் பிடித்தது. பின்னால் பென்சிலில் எழுதியிருக்கும் பெயர் அச்சகம் வைத்த பெயராக இருக்காது, அவள் வைத்ததாக இருக்கும்.

நூலகங்களில் சிலர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கவிஞர் சில்வியா பிளாத் சிறுமியாக இருந்தபோது தானே வரைந்து வெட்டிய காகிதப் பொம்மைகளும் உடுப்புகளும் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில், அவருடைய கடிதங்களோடு சேர்த்துப் பத்திரமாக இருக்கின்றன. எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி செல்டா, மகள் ஸ்காட்டிக்காக 1920-களில் தொடங்கி வரைந்த பொம்மைகள் இன்னும் அபாரம். பிரெஞ்சு அரசவை, ஆர்தர் அரசரின் வீரர்கள், ஜோன் ஆஃப் ஆர்க் என்று ஆளுயர நாடகத்துக்கு வேண்டிய உடுப்பெல்லாம் சாண் உயரத்தில். பேத்தி அதை 2022-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஆனால் இவர்கள் எல்லாம் பெயர் பெற்றவர்கள். பெயர் இல்லாதவர்களின் கவரை மூன்று டாலருக்கு விற்கிறார்கள்.

அதற்காகச் சேகரிப்பாளர்களை நான் குறை சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால், பெண் பிள்ளைகள் விளையாடிய காகிதம் என்று எந்த நிறுவனமும் சீண்டாத காலத்தில் இதைக் காப்பாற்றியது அவர்கள்தான். தட்டச்சு செய்து நகலெடுத்த செய்திமடல்கள், தபாலில் பண்டமாற்று, பிறகு ஆண்டுக்கொரு மாநாடு. 1984-லிருந்து காகிதப் பொம்மை வரையும் கலைஞர்களுக்கென்றே ஒரு சங்கமும் இயங்குகிறது. அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பழைய சினிமா நட்சத்திரங்களைப் பொம்மையாக வரைந்து கொடுத்த டாம் டியர்னி என்ற ஓவியர், அதிலிருந்தே தொடங்கி 2014-ல் இறப்பதற்குள் 400-க்கும் மேற்பட்ட பொம்மைப் புத்தகங்கள் போட்டார். வாங்க ஆள் இருந்ததால்தானே போட்டார்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருத்தரிடம் ஒரு பொம்மையின் தொப்பி குறைகிறது என்றால், அது இருக்கிறவர் அதை வண்ண நகல் எடுத்து அனுப்பிவிடுவார். நகல் என்று பின்னால் எழுதிவிட வேண்டும், அது மரியாதை.

என் பச்சை கவுனை ஸ்கேன் செய்து, பல வருடம் சேகரிக்கும் ஒரு அம்மாளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உடுப்பின் வண்ணத்தையோ பாணியையோ அவர் கேட்கவில்லை. தோளுக்குத் தோள் எத்தனை மில்லிமீட்டர், இடது கை எங்கே போகிறது என்றுதான் கேட்டார். காகித உடுப்பை வேறு உடம்புக்கு மாற்ற முடியாது. பொம்மை கையை எப்படி வைத்திருக்கிறதோ உடுப்பின் கையும் அப்படியே இருக்க வேண்டும். அளந்து சொன்னேன்: 41 மில்லிமீட்டர், இடது கை இடுப்பில், வலது கை கொஞ்சம் தூக்கி, ஏதோ பிடித்திருக்கிற மாதிரி.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அச்சில் வந்த பொம்மை எதற்கும் அது பொருந்தவில்லை, பொம்மையையும் அந்தப் பிள்ளை தானே வரைந்திருப்பாள் என்று எழுதியிருந்தார். தன்னிடம் இப்படி ஆள் இல்லாத உடுப்புகளுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறதாம், அதில் என்னுடையது 212-வது. அசலை நானே வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒட்டுநாடாவை மட்டும் உரிக்கப் பார்க்க வேண்டாம், அட்டையின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும் என்று இரண்டு முறை எழுதியிருந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் ஒரு ஓரத்தை உரித்துப் பார்த்திருந்தேன். வந்துவிட்டது.